ஆண்டவருடைய பிஸ்கட் டின்

கடவுளுக்குப் பசிக்குமா என்று என் தம்பி கேட்ட கேள்விக்கு இதுவரை ஒருவரும் எனக்கு உருப்படியான பதில் சொல்லவில்லை. பாதிரியார்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். கிழவிக்கு வயதுதான் ஏறுகிறது, வாய் குறையவில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வார்கள்போல. நினைக்கட்டும்.

இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஆண்டவரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஏகப்பட்ட சாமான்கள் வந்துவிட்டன. என் மருமகள் ஒரு பை நிறைய வைத்திருக்கிறாள். வண்ணப் படம், பொம்மை, வசனம் ஒப்பித்தால் சட்டையில் ஒட்ட நட்சத்திரம். நட்சத்திரம் ஒட்டின சட்டையோடு பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் என்னிடம் கேட்டாள், "உங்கம்மா உங்களுக்கெல்லாம் எதை வச்சி மாமி சொல்லிக் குடுத்தாங்க?"

"அரிசிய வச்சி" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டிருந்த சமயம் அது. கோலா சிலாங்கூர் டவுனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டுகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று சர்க்கார் வரிசை வீடுகளான எங்கள் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்து, அதில் காவலுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களை நிறுத்தியிருந்தது. எஸ்.சி. என்றால்தான் எங்களுக்குத் தெரியும். அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று வாராவாரம் அளந்து போடுவார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோறுகூடக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக முடியாது. பால் டின் வாங்கினால் கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் காட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள்ளேயே நானும் தம்பியும் பாதியை உறிஞ்சிவிடுவோம் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

இப்படிப்பட்ட காலத்தில்தான் அம்மா எங்களைக் கர்த்தருக்குள் வளர்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும், தம்பிக்கு ஐந்து. உபதேசியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வந்து ஜெபக்கூட்டம் நடத்திவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஆண்டவர் சார்பில் அம்மாதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவள் துரை தோட்டத்தைப் பார்த்துக்கொண்டதைவிடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டாள்.

விளக்கு வைத்ததும் பாயில் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு வசனம் சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு ஜெபம், அதுவும் சொந்த வார்த்தையில். அப்புறம்தான் சோறு. சோற்றுப் பானையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் ஜெபத்தை ஆரம்பிப்பாள். வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போது பக்தி தானாக வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முணுமுணுத்தால் செல்லாது.

"ஆண்டவருக்குக் கேக்கும், எனக்குக் கேக்க வேணாமா? நீ ஜெபம் பண்றியா தூங்குறியான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்பாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான் உண்டு. அந்தப் பலகையும் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். அதற்கு மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே காற்று, ஒரே புகை, ஒரே சத்தம். நாங்கள் ஆண்டவரிடம் ரகசியமாகச் சொன்னதெல்லாம் லயத்தின் கடைசி வீடுவரை போய்ச் சேர்ந்தது.

என் ஜெபம் சின்னது. பசி நேரத்தில் நீட்டி முழக்க எனக்கென்ன பைத்தியமா? தம்பி அப்படியில்லை. அவன் ஆண்டவருக்கு அன்றாடச் செய்திகளை ஒன்றுவிடாமல் ஒப்படைக்கிறவன்.

"ஆண்டவரே, அப்பா காலையில கத்தியக் காணோம்னு கெட்ட வார்த்த சொன்னாரு, மன்னிச்சிடும். மண்டோர் மாமாவுக்கு உக்கார முடியாத எடத்துல கட்டி வந்திருக்கு, சொகமாக்கும். அக்கா என் கருவாட்ட எடுத்துத் தின்னுட்டா. அவளுக்கு வயித்து வலி ரொம்பக் குடுக்காதேயும், கொஞ்சமா குடும்."

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை கொடுக்க வந்த மண்டோரிடம் பத்துப் பேர் கட்டியைப் பற்றி விசாரித்தார்கள். அவர் எங்கள் அப்பாவை முறைத்த முறைப்பில் அப்பா அன்று முழுவதும் தலை நிமிரவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். சொந்தமில்லை, கூப்பிடுகிற முறைதான். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, எங்கள் பக்கத்துத் தடுப்பில் சாய்ந்து தம்பியின் ஜெபத்தைக் கேட்க உட்கார்ந்துவிடுவாள். அவள் சிரிப்பை அடக்குவது எங்களுக்குக் கேட்கும். சில நாள், "எங்க வீட்டுக்கும் சேத்துச் சொல்லுடா கண்ணு" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். அவள் புருஷன் காய்ச்சலில் விழுந்து கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து தம்பி அவருக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். எங்கள் சத்தம் அவர்களுக்குக் கேட்டதைப்போல அவர்கள் சத்தமும் எங்களுக்குக் கேட்கும். பிள்ளைகள் சண்டை, அவள் போடும் அதட்டல், கடைசியில் சட்டியை அகப்பையால் சுரண்டும் சத்தம். எல்லாம் பழகிப்போன சத்தங்கள், காதில் விழும், மனதில் ஏறாது.

இனி அரிசிக்கு வருகிறேன்.

உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியாக வைத்துவிட வேண்டும். பிடியரிசி என்று பெயர். ஊரிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம். சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொடுத்தால் உபதேசியார் வீட்டுக்கோ, இல்லாதவர்களுக்கோ போகும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெரிய சதுரப் பிஸ்கட் டின் இருந்தது. அந்தப் பிடியைப் போடும் வேலையை அம்மா தம்பிக்குக் கொடுத்திருந்தாள்.

"சின்ன வயசிலேயே குடுத்துப் பழகணும்" என்று அம்மா சொன்னாள்.

"வீட்டிலேயே சின்னக் கை அவனுதுதான், அதான்" என்று அப்பா சொன்னார். பங்கீட்டு அரிசி வந்தபிறகுதான் இந்த வேலை என் கையிலிருந்து அவன் கைக்கு மாறியது என்பதை வைத்துப் பார்த்தால் அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

தம்பி அந்த வேலையைத் தலைமேல் எடுத்துக்கொண்டு செய்தான். கையைக் கழுவி, சட்டையில் துடைத்து, விரலிடுக்கில் ஒரு மணி சிந்தாமல் கொண்டுபோய் டின்னில் போடுவான். போட்டு முடித்ததும் ஒருநாள் கேட்டான், "அம்மா, ஆண்டவருக்குப் பசிக்குமா?"

"பசிக்காது."

"அப்ப எதுக்கு அரிசி?"

"கேள்வி கேக்காத. மூடிய போடு."

இதுதான் என் அம்மாவின் இறையியல். ஆனால் கதை சொல்வதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆண்டவருக்குக் கொடுக்க வேண்டியதில் பாதியை ஒளித்துவைத்துக்கொண்டு, முழுவதும் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்ன ஒரு புருஷன் பெண்டாட்டியின் கதை உண்டு. சொன்ன இடத்திலேயே முதலில் அவன் விழுந்து சாவான், பிறகு அவள் விழுந்து சாவாள். அம்மா இரண்டு பேராகவும் நடிப்பாள். நாக்கைத் தள்ளி, கண்ணைச் செருகி, பாயில் தொப்பென்று விழுவாள். அவள் விழுகிற வேகத்தில் தடுப்புப் பலகை ஆடும். "என்னக்கா ஆச்சி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து அத்தை பதறுவாள். "ஒண்ணுமில்ல, வேதக் கதை சொல்றேன்" என்று செத்துக்கிடந்தபடியே அம்மா பதில் சொல்வாள். நான் சிரித்து உருளுவேன். தம்பி சிரிக்க மாட்டான். அவன் பிஸ்கட் டின்னையே பார்த்துக்கொண்டிருப்பான். அன்றிலிருந்து அந்த டின்னின் பக்கம் யாரையும் விடவில்லை. துடைப்பதற்காக நான் அதை நகர்த்தினால்கூட, "அக்கா, விழுந்துடுவ!" என்று கத்துவான்.

டின் அரைவாசி நிறைந்தபோது உபதேசியார் ஒரு துணிப்பையில் அரிசியைக் கொட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். கேட்டில் எஸ்.சி. மறித்துவிட்டான். ஆண்டவர் அரிசியானாலும் அரிசி அரிசிதான், வேலியைத் தாண்டக் கூடாது. உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்து பையை அம்மாவிடம் கொடுத்தார். முகமெல்லாம் வேர்வை.

"நெலம சரியானதும் எடுத்துக்கிறேன்மா. அதுவரைக்கும் உங்க வீட்லயே பத்திரமா இருக்கட்டும்."

அவர் ஏதோ ஒப்புக்குச் சொன்னார். அம்மா அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாள். நிலைமை சரியாகவில்லை, பிடி மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. டின்னில் வண்டு பிடித்தது. வாரம் ஒருமுறை அம்மா முறத்தில் பரப்பி வெயில் காட்டுவாள். தம்பி பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்து, "ஆண்டவர் அரிசி! சூ!" என்று கோழிகளை விரட்டுவான். ஊரே அரிசிக்கு அலைகிறபோது எங்கள் வீட்டு வண்டுகள் மட்டும் வயிறார இருக்கின்றன என்று அப்பா சொல்லிக்கொண்டே போவார். அம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்த விளையாட்டு ஒருநாள் முடிந்தது. மேல் லயத்தில் ஒருவர் தலையணைக்குள் அரிசி வைத்திருந்தார். சோதனையில் அகப்பட்டது. எதற்கு வைத்திருந்தாரோ, யாருக்கும் தெரியாது. அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான், அவர் பெண்டாட்டி கேட்டருகில் போய் நின்று நின்று திரும்பி வந்தாள். அடுத்த நாள் பெரட்டில் கணக்கெழுதும் கிராணியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பங்கீட்டுக்கு மேல் யார் வீட்டில் அரிசி இருந்தாலும் அது காட்டுக்காரனுக்குச் சேர்த்து வைத்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். வீட்டுத் தலைவனைப் பிடித்துக்கொண்டு போவார்களாம்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் டின்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இத ஒலையில போட்டு ஆக்கிடு."

"அது நம்மளுது இல்ல."

"அதையேதான் போலீஸ்காரன்கிட்டயும் சொல்லப் போறியா? எங்களுது இல்லீங்க, வேற ஒருத்தருக்கு வச்சிருக்கோம்னு? என்னைத் தூக்குல போடறதுக்கு அது ஒண்ணே போதும்."

ஆண்டவர் சொத்தில் கை வைக்க அம்மாவுக்கு நிஜமாகவே பயம். அப்பாவை இழக்கவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் அவள் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனாள். உபதேசியார் அடுத்த முறை வரட்டும், கேட்டுக்கொள்வோம் என்றாள்.

உபதேசியாருக்கு முன்னால் ஜீப் வந்துவிட்டது.

அரிசி போடும் நாளுக்கு முந்தின நாள் அது. மத்தியானம் வேலை முடிந்து எல்லோரும் குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருந்தார்கள். லயத்தின் அந்தக் கோடியிலிருந்து, "சோதன! சோதன!" என்று சத்தம் வந்தது. வெள்ளைக்கார அதிகாரி ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்க, எஸ்.சி.கள் முதல் வீட்டிலிருந்து தராசோடு ஆரம்பித்திருந்தார்கள். எங்களுடையது நடுவில் இருக்கும் வீடு. வாரக் கடைசியில் எந்த வீட்டிலும் ஒரு வேளை அரிசிக்கு மேல் இருக்காது. எங்கள் வீட்டில் முக்கால் டின் இருந்தது.

அப்பா ஈரத்துண்டோடு உள்ளே ஓடி வந்தார். "எடு அத! பின்னால கொளத்திலயாவது கொட்டிடுறேன்" என்றார். பதற்றத்தில் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பின்னால் குளமே இல்லை, ஒரு சாக்கடைதான். சாக்கடை ஓரத்தில் ஏற்கனவே ஒரு எஸ்.சி. துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான்.

தம்பி டின்னின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"எறங்குடா!"

"மாட்டேன்! அது ஆண்டவர் அரிசி!"

அப்பா அவனைப் பிடித்து இழுத்தார். அவன் இரண்டு காலாலும் டின்னை இறுக்கிக்கொண்டு தோட்டமே அதிரக் கத்தினான். "தொடாதீங்கப்பா! தொட்டா விழுந்துடுவீங்க! செத்துடுவீங்கப்பா!"

அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் வாயைப் பொத்தினார். அவன் கடித்துவிட்டான். எனக்கு இன்றும் இதை நினைத்தால் சிரிப்பு வரும். அவன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கத்தவில்லை, அப்பாவைக் காப்பாற்றக் கத்தினான். போலீஸ்காரன் பிடித்தால் லோரியில்தான் ஏற்றுவான், ஆண்டவர் பிடித்தால் அந்த இடத்திலேயே விழ வேண்டியதுதான் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

சொல்லிக்கொடுத்தவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லுடி அவங்கிட்ட! ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லு! நீ சொன்னதெல்லாம் சும்மான்னு சொல்லு!" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அம்மா தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் என்ன சொன்னாலும் அவன் நம்பிவிடுவான். அதுதான் அவளுக்குக் கஷ்டம். சும்மா சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அப்புறம் பாயில் உட்காரவைத்து என்ன சொன்னாலும் அதில் எது சும்மா, எது நிஜம்? சொல்லாவிட்டால் அப்பா போய்விடுவார்.

அப்போதுதான் தடுப்புக்கு மேலே பக்கத்து வீட்டு அத்தையின் தலை தெரிந்தது. பெட்டியின் மேல் ஏறி நிற்கிறாள் போலிருந்தது.

"கண்ணு, அந்த அரிசிய எனக்குக் குடுக்கிறியா?"

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஆண்டவர் அரிசி அத்தை. தின்னா கீழ விழுந்து செத்துடுவீங்க."

"பசியில விழறதுக்கு இது தேவல லா" என்றாள் அத்தை. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "மாமா ஆஸ்பத்திரிக்குப் போனதிலேர்ந்து அவரு பங்கு அரிசி வர்றதில்ல. ரெண்டு நாளா புள்ளைங்களுக்கு மரவள்ளிக் கெழங்குதான். இன்னிக்கு அதுவும் இல்ல."

மூன்று வீடு தள்ளி ஏதோ பானை உருண்ட சத்தம் கேட்டது.

தம்பி யோசித்தான். அவன் யோசிக்கும்போது வாய் திறந்துகொள்ளும். பிறகு அம்மாவிடம் திரும்பினான். "ஆண்டவருக்குப் பசிக்காதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?"

"ஆமாண்டா" என்றாள் அம்மா.

"அத்தைக்குப் பசிக்குதாமே."

டின்னிலிருந்து இறங்கினான். மூடியைத் திறந்தான். அத்தை மேலேயிருந்து ஒரு சட்டியை நீட்டினாள். அப்பா டின்னைத் தூக்கி அப்படியே கவிழ்க்கப் போனார். தம்பி விடவில்லை.

"பிடியாத்தான் குடுக்கணும். நான் பிடியாத்தான் போட்டேன்."

"டேய், நீ பிடி பிடியா குடுத்து முடிக்கிறதுக்குள்ள என்னைய லோரில ஏத்திடுவாண்டா!"

"விடுங்க" என்றாள் அம்மா. "அவன் குடுக்கட்டும். நாமளும் குடுப்போம்."

அப்படியாக எங்கள் குடும்பத்தில் அதுவரை நடக்காத ஓர் ஆராதனை நடந்தது. தம்பி எங்கள் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் நின்று தன் சின்னக் கையால் ஒரு பிடி கொடுத்தான். அம்மா தன் கையால் ஒரு பிடி, நான் ஒரு பிடி. அப்பா இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். அவ்வளவு தாராளமாக அவர் காணிக்கை போட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அத்தை கெட்டிக்காரி. எல்லாவற்றையும் தானே வைத்துக்கொண்டால் தன் வீட்டில் தராசு எகிறும் என்று அவளுக்குத் தெரியும். தன் பிள்ளைகளுக்கு வேண்டியதைச் சட்டியில் நிறுத்திக்கொண்டு, மீதியை அடுத்த தடுப்புக்கு மேலே அனுப்பினாள். அங்கிருந்து அதற்கடுத்த வீடு. கிளாஸில், கொட்டாங்கச்சியில், முந்தானையில் என்று ஆண்டவருடைய அரிசி கூரைக்குக் கீழேயே நடந்து லயத்தின் மறுகோடிவரை போனது. போகிற வழியில் வண்டுகளும் போயின. எந்த வீட்டிலும் ஒரு வேளைக்கு மேல் இல்லை.

எஸ்.சி. எங்கள் வாசலுக்கு வந்தபோது தம்பி காலி டின்னுக்குள் தலையை விட்டு, கடைசி மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். வந்தவர் பக்கத்துக் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"தம்பி, இதுல என்னா இருந்திச்சி?"

பொய் சொல்லக் கூடாது என்பதையும் அம்மாதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவர் அரிசி."

"எங்க போச்சி?"

"அத்தைக்குப் பசிச்சிச்சி. குடுத்தாச்சி."

எஸ்.சி. நிமிர்ந்தார். அத்தை அதற்குள் தன் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை, காலைக் கட்டிக்கொண்டு இரண்டு. "எனக்குத்தான் குடுத்தாங்க. ஒலையில கெடக்குது, வந்து பாருங்க" என்றாள். அவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். உள்ளே போய் உலையைப் பார்த்தார். அதைத் தராசில் வைக்க வழியில்லை, கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து எங்கள் டின்னைத் தலைகீழாகத் தட்டினார். ஒரு வண்டு விழுந்தது. ஜீப்பைப் பார்த்து, "கோசோங், துவான்!" என்று கத்தினார். காலி, துரை என்று அர்த்தம். போகும்போது தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அவர் கண் மறைந்ததும் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓடிப்போய் அவர் முகத்தை நிமிர்த்திப் பார்த்தான். "அப்பா, விழுந்துட்டீங்களா?"

"இல்லடா. உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா.

விளக்கு வைத்தபோது தடுப்புக்கு மேலே ஒரு கிண்ணம் வந்தது. அத்தை அனுப்பியது. கஞ்சி, மேலே கொஞ்சம் கருவேப்பிலை. அம்மா அதைப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வழக்கம்போல ஜெபத்தை ஆரம்பித்தாள். வசனம் சொன்னோம். என் ஜெபம் வழக்கத்தைவிடச் சின்னது. தம்பியின் முறை வந்தது. அவன் கண்ணை மூடவில்லை. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, அத்தை வீட்ல எல்லாரும் தின்னுட்டாங்க. ஏன் ஒருத்தரும் விழல?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். மூடியைப் போடு என்று சொல்லித் தப்பிக்க இந்த முறை மூடி போட ஒன்றுமில்லை.

"கதையில விழுந்தவங்க குடுத்தவங்க இல்லடா" என்றாள் அம்மா மெதுவாக. "குடுக்க வேண்டியத ஒளிச்சி..."

அதோடு நின்றுவிட்டாள். ஒளித்து என்ற சொல்லுக்குப் பிறகு அவளால் போக முடியவில்லை. இரண்டு நாளாக அந்தப் பக்கத்தில் சட்டி சுரண்டும் சத்தம்கூடக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுரண்ட ஒன்றும் இருந்திருக்காது. எங்கள் ஜெபத்தை அவர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடி அரிசி டின்னில் விழும் சத்தத்தையும்தான் கேட்டிருப்பார்கள். அம்மா அதையேதான் நினைத்தாள் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நாடகத்தில் நாக்கைத் தள்ளிச் சாகிற அம்மா நிஜத்தில் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

தடுப்புப் பலகை தட்டப்பட்டது.

"யக்கா, ஏன் அழுவுறீங்க?" அத்தையின் குரல் லயம் முழுக்கக் கேட்டது. "நாங்க நல்லாத்தான் இருக்கோம். வயிறு நெறையத் தின்னோம். ஒருத்தரும் விழல!"

"ஆமென்" என்று சொல்லிவிட்டு, தம்பி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.